பழைய ஓய்வூதியமா, பங்களிப்பா, உறுதியளிப்பா? முதியோர் பெருகும் மாநிலம் போட வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 13.6 சதவீதம். 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு வெளியிட்ட முன்கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இந்தச் சூழலில்தான் அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதியத்தை எந்த வடிவில் கொடுப்பது என்ற விவாதம் இருபது ஆண்டுகளைக் கடந்து நடக்கிறது. மேடைகளில் அது பெரும்பாலும் "பழையது வேண்டும்", "பழையது கட்டுப்படியாகாது" என்ற இரண்டு முழக்கங்களில் முடிந்துவிடுகிறது. இரண்டுமே கணக்கைக் காட்டுவதில்லை. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஓர் அளவுகோல்

ரூபாயில் பேசினால் முப்பது ஆண்டு விலைவாசி குழப்பிவிடும். "ஓராண்டுச் சம்பளம்" என்பதை அலகாக வைத்துக்கொள்வது எளிது. சம்பளம் என்று இங்கே சொல்வது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை.

ஒருவர் 28 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெறுகிறார். சேவை 32 ஆண்டு. நிதிக்குக் கிடைக்கும் வட்டியும் அவருடைய சம்பளம் உயரும் வேகமும் ஒன்றே என்று வைத்தால் கணக்கு வாய்ப்பாடு போல வந்துவிடும்: சேவை ஆண்டுகளைப் பங்களிப்பு விகிதத்தால் பெருக்கினால் போதும். ஊழியர் 10, அரசு 10, ஆக 20 சதவீதம் என்றால் 32 × 0.20 = 6.4. அதாவது ஓய்வு நாளில் கடைசிச் சம்பளத்தில் 6.4 ஆண்டுக்கான தொகை சேர்ந்திருக்கும். வட்டி சம்பள உயர்வைவிட ஏறக்குறைய ஒரு புள்ளி குறைந்தால் அதே 6.4 சுமார் 5.6 ஆகச் சுருங்கும்.

இனி செலவுப் பக்கம். கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம்; 82 வயது வரை 22 ஆண்டு; அதன்பின் துணைவருக்கு 60 சதவீதக் குடும்ப ஓய்வூதியம் ஐந்து ஆண்டு. ஓய்வூதியம் அகவிலைப்படியால் ஆண்டுக்கு 4.5 சதவீதம் உயர்கிறது, மீதிப் பணத்துக்கு 7.1 சதவீதம் வட்டி என்று போட்டால், ஓய்வு நாளில் கையில் இருக்க வேண்டியது ஏறக்குறைய 9.3 ஆண்டுச் சம்பளம். 32 ஆண்டில் அதைச் சேர்க்க வேண்டுமானால் மாதந்தோறும் சம்பளத்தில் 29 சதவீதம் ஒதுக்க வேண்டும்.

ஆயுள் கூடுவதன் விலை இங்கே தெரியும். அதே நபர் 82க்குப் பதில் 86 வரை வாழ்ந்தால் தேவை 9.3இலிருந்து 10.4 ஆகிறது. நான்கு ஆண்டு ஆயுளுக்குப் பணிக்காலம் முழுவதும் கூடுதலாக மூன்றரை சதவீதம். நல்ல மருத்துவமும் நல்ல உணவும் தந்த நீண்ட ஆயுள் நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. அதற்கான பணத்தை எந்தத் தலைமுறை எப்போது எடுத்து வைக்கிறது என்பதுதான் கேள்வி. கீழே உள்ள ஒவ்வொரு திட்டமும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதில்.

பழைய ஓய்வூதியத் திட்டம்

ஊழியருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. ஓய்வூதியத்துக்கென்று பிடித்தம் கிடையாது (ஜி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்புநிதி ஊழியரின் சொந்தச் சேமிப்பு). கடைசி ஊதியத்தில் பாதி, ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம், 80 வயதைக் கடந்தால் கூடுதல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஊதியக் குழு வரும்போதெல்லாம் ஓய்வூதியமும் திருத்தப்படும். இந்தக் கடைசி அம்சம்தான் செலவை மிகவும் ஏற்றுவது. ஓய்வூதியம் நீண்டகாலத்தில் வட்டிக்கு இணையாக உயர்ந்துவிட்டால் மேலே சொன்ன 9.3 என்பது 12.5 வரை போகும்.

இத்தனைக்கும் ஒரு ரூபாய்கூட முன்கூட்டி எடுத்து வைப்பதில்லை. அந்தந்த ஆண்டு வரி வருவாயிலிருந்து கொடுக்கிறார்கள். வேலையில் இருப்பவர்கள் பலர், ஓய்வு பெற்றவர்கள் சிலர் என்று இருந்தவரை இது ஓடியது. காலிப்பணியிடங்கள் நிரம்பாமல், ஓய்வு பெற்றவர்களின் ஆயுளும் கூடும்போது அதே வரி வருவாயிலிருந்து இரண்டு சம்பளப் பட்டியல்களுக்குப் பணம் போகிறது.

2022இல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப் மாநிலங்களும், 2023இல் இமாச்சலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்பின. திரும்பும் அரசுக்கு உடனடியாக லாபம் கிடைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதாமாதம் நிதிக்குக் கட்டிவந்த அரசுப் பங்கு நின்றுபோகும். ஊழியரிடம் மீண்டும் ஜி.பி.எஃப். பிடிப்பதால் அந்தப் பணமும் அரசின் பொதுக் கணக்குக்கு வரும். 2004க்குப் பின் சேர்ந்தவர்கள் பெருமளவில் ஓய்வு பெறுவது 2030களின் நடுவில்தான் தொடங்கும் என்பதால், முடிவெடுக்கும் அரசின் காலத்தில் செலவு குறைந்ததாகவே தெரியும். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை எல்லா மாநிலங்களும் திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது: மொத்தச் சுமை தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் (என்.பி.எஸ்.) போல 4.5 மடங்கு வரை போகலாம். 2060 வாக்கில் ஆண்டுக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.9 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் வந்தது. ஏற்கெனவே ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழுள்ள நிதியில் செலுத்திய பணத்தை மாநிலத்துக்குத் திருப்பித்தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்கு இந்தத் தடை இல்லை. நம் பணம் அங்கே போகவே இல்லை.

தமிழ்நாட்டின் சி.பி.எஸ்.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் 10, அரசு 10. மத்திய அரசு தன் பங்கை 2019இல் 14 ஆக உயர்த்தியபோதும் இங்கே 10ஆகவே நின்றது. பணம் சந்தைக்குப் போகவில்லை, ஜி.பி.எஃப். வட்டியே வரவு வைக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையை மொத்தமாகக் கொடுப்பார்கள். மாத ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. பெயரில் ஓய்வூதியம் இருந்தும் நடைமுறையில் இது ஒரு சேமிப்புக் கணக்கு.

நம் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். 32 ஆண்டு சேவைக்கு 6.4. தேவை 9.3. இருக்கும் பணத்தில் கடைசிச் சம்பளத்தில் 34 சதவீதம்தான் ஓய்வூதியமாகத் தாங்கும். 37 வயதில் சேர்ந்தவருக்கு 23 × 0.20 = 4.6, அது 25 சதவீதத்துக்குத்தான் போதும். 2001 இறுதியிலிருந்து 2006 வரை பணிநியமனத் தடை இருந்த மாநிலம் இது. அந்தத் தடை நீங்கியபின் முப்பதுகளின் பிற்பகுதியில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் ஏராளம். அவர்களுக்கு இந்தத் திட்டம் செய்தது பெரிய அநீதி என்பதே எங்கள் கருத்து.

அதைவிடக் கொடியது பணியிலிருக்கும்போது இறந்தவர்களின் நிலை. பத்து ஆண்டு சேவையில் ஒருவர் இறந்தால் அவர் கணக்கில் இருப்பது இரண்டு ஆண்டுச் சம்பளம். குடும்ப ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடையும் இல்லை. மத்திய அரசில் என்.பி.எஸ். ஊழியர் பணியில் இறந்தாலோ செயலிழந்தாலோ பழைய திட்டத்தின் பலனைக் கோரும் வழி உண்டு, பணிக்கொடையும் உண்டு. இங்கே இரண்டுமே இல்லாமல் இரண்டு தசாப்தம் ஓடியது.

கணக்குப் பராமரிப்பில் நடக்கும் தவறு ஒன்று இன்றும் பலருக்குத் தெரிவதில்லை. சம்பளப் பட்டியலில் பிடித்தம் இருக்கும், கணக்குச் சீட்டில் வரவு இருக்காது. துறை மாறிய மாதம், அயற்பணி, ஊதிய நிலுவை பெற்ற மாதம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இது விடுபடும். சி.பி.எஸ். எண் தவறாகப் பதிவானாலும் விடுபடும். ஊழியர் பங்கு வரவாகாத மாதத்துக்கு அரசுப் பங்கும் சேராது, இரண்டுக்கும் வட்டியும் சேராது. ஆண்டுதோறும் கணக்குச் சீட்டை எடுத்து 12 மாதமும் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். விடுபட்டிருந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் எண், கருவூல வவுச்சர் எண், தேதி மூன்றையும் சேர்த்துச் சம்பளம் வழங்கும் அலுவலர் வழியாகக் கருவூலத்துக்கு எழுத வேண்டும். பத்து ஆண்டு கழித்து வவுச்சர் தேடுவது மிகக் கடினம்.

என்.பி.எஸ்.

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு (முப்படையினர் நீங்கலாக) வந்த திட்டம். இப்போது 10 + 14. பணம் சந்தையில் முதலீடாகிறது. ஓய்வின்போது 60 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். மீதிக்கு ஆயுள் முழுவதும் மாதத் தொகை தரும் ஆனுவிட்டி வாங்க வேண்டும். 32 × 0.24 = 7.7, சந்தை நன்றாக இருந்தால் 9ஐயும் தாண்டும். மாநிலத்தின் பார்வையில் இது மிகத் தூய்மையான திட்டம்: இந்த மாதக் கடமை இந்த மாதமே தீர்ந்துவிடும், அடுத்த தலைமுறைக்குப் பாக்கி எதுவும் போகாது.

எல்லா ஆபத்தும் ஊழியர் தலையில் என்பதுதான் இதன் விலை. 80 லட்சம் சேர்ந்த ஒருவர் அதில் 40 சதவீதமான 32 லட்சத்துக்கு ஆனுவிட்டி வாங்குகிறார், விகிதம் 6.5 சதவீதம் என்று வைப்போம். மாதம் 17,300 ரூபாய். அது உயரவே உயராது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இருபதாவது ஆண்டில் அதன் வாங்கும் சக்தி இன்றைய 6,500 ரூபாய். மருந்துச் செலவு உச்சத்தில் இருக்கும் வயதில் வருமானம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் என்று சுருங்கினால் அது முதுமைக் காப்பு ஆகாது.

யூ.பி.எஸ்.

அப்போதைய மத்திய நிதிச் செயலர் டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவின் பணியைத் தொடர்ந்து 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். ஊழியர் 10, அரசு அதே அளவு 10, இவற்றுடன் பொதுத் தொகுப்பு நிதிக்கு அரசு 8.5. மொத்தம் 28.5 சதவீதம். 32 ஆண்டுக்கு இது 9.1. நாம் மேலே கண்ட தேவை 9.3. நம் எளிய கணக்கிலேயே வரவும் செலவும் இத்தனை நெருங்கி வரும் திட்டம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

25 ஆண்டு சேவைக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி, குறைந்தால் விகிதப்படி, 10 ஆண்டு இருந்தால் குறைந்தது 10,000 ரூபாய். துணைவருக்கு 60 சதவீதம். அகவிலை நிவாரணம் உண்டு. அறிவிக்கையில் பேசப்படுவது அகவிலை நிவாரணம் மட்டுமே. பழைய திட்டத்தில் போல ஊதியக் குழுவோடு ஓய்வூதியமும் திருத்தப்படும் என்ற உறுதி இல்லை. செலவைக் கட்டுக்குள் வைப்பதில் இதுதான் மிகப் பெரிய வேறுபாடு.

சேரும் ஊழியர் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் உள்ளன. அடிப்படை ஊதியம் 60,000, அகவிலைப்படி 55 சதவீதம், சேவை 30 ஆண்டு என்று வையுங்கள். மாதம் 30,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும். ஓய்வின்போது தனியாக ஒரு மொத்தத் தொகை: ஒவ்வோர் அரையாண்டு சேவைக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 9,300 × 60 = 5,58,000 ரூபாய். இதனால் ஓய்வூதியம் குறையாது. ஆனால் தன் நிதியிலிருந்து 60 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 30,000 என்பது 12,000 ஆகிவிடும். அதேபோல, ஒவ்வொருவருக்கும் ஓர் "அளவுகோல் நிதி" கணக்கிடப்படுகிறது: இயல்பு முதலீட்டு முறையில், ஒரு மாதமும் விடுபடாமல், இடையில் எதுவும் எடுக்காமல் இருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்குமோ அது. உங்கள் நிதி அதைவிடக் குறைவானால், பற்றாக்குறையைக் கட்ட வேண்டும். இல்லையேல் ஓய்வூதியம் அந்த விகிதத்தில் குறையும். 25 ஆண்டில் விருப்ப ஓய்வு பெற்றால் உடனே பணம் வராது. வழக்கமான ஓய்வு வயது எட்டிய நாளிலிருந்துதான் தொடங்கும். இந்த நிபந்தனைகளால்தான் விருப்பம் தெரிவிக்கக் கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டியும் சிறு பகுதியினரே மாறினார்கள்.

திட்டத்தின் பலவீனம் சேரும் வயதில் இருக்கிறது. 23 வயதில் சேர்ந்தவர் 37 ஆண்டில் 10.5 சேர்த்துவிடுவார். 35இல் சேர்ந்தவர் 25 ஆண்டில் 7.1தான் சேர்ப்பார், ஆனால் இருவருக்கும் முழு ஓய்வூதியம். தாமதமாகச் சேர்பவர்கள் அதிகமுள்ள மாநிலத்தில் 8.5 சதவீதத் தொகுப்பு நிதி விரைவில் வற்றும். இதே விகிதத்தைத் தமிழ்நாடு அப்படியே எடுத்தால் போதாமல் போகும்.

டாப்ஸ்

2026 ஜனவரி 3 அன்று மு.க. ஸ்டாலின் அரசு தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 சதவீதம் செலுத்துவார். கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் உறுதி. மீதித் தேவை முழுவதும் அரசின் பொறுப்பு. ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி, 60 சதவீதக் குடும்ப ஓய்வூதியம், 25 லட்சம் ரூபாய் வரை பணிக்கொடை. சி.பி.எஸ்.இல் சேர்ந்து ஏற்கெனவே ஓய்வூதியமின்றி வெளியேறியவர்களுக்கும் சிறப்புக் கருணை ஓய்வூதியம் உண்டு. தொடக்கமாக 13,000 கோடி, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி ரூபாய் அரசின் பங்காகச் சொல்லப்பட்டது.

சி.பி.எஸ். ஊழியர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை இது தீர்க்கிறது. பழைய திட்டத்தைப் போல அல்லாமல் ஊழியர் பங்களிப்பும் ஒரு நிதியும் இருக்கின்றன. யூ.பி.எஸ். போன்ற சந்தை நிபந்தனைகளும் இல்லை. ஆனால் யூ.பி.எஸ்.இல் அரசின் பங்கு ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு சதவீதமாகக் கட்டப்பட்டிருக்கிறது. "மீதியை அரசு பார்த்துக்கொள்ளும்" என்ற வாக்குறுதியில் அந்தக் கட்டு இல்லை. வருவாய் நெருக்கடி வரும் ஆண்டில் முதலில் ஒத்திவைக்கப்படுவது இப்படிப்பட்ட பங்குதான். இரண்டு மூன்று ஆண்டு ஒத்திவைத்தால் வட்டி இழப்போடு சேர்ந்து அது மெல்லப் பழைய திட்டமாகவே மாறிவிடும், அறிவிப்பு எதுவும் இல்லாமலே.

ஓய்வு வயதும் அகவிலைப்படியும்

ஓய்வு வயதை ஓராண்டு கூட்டினால் ஓராண்டுப் பங்களிப்பு கூடும், ஓராண்டு ஓய்வூதியம் குறையும்; நபருக்கு அரையாண்டுச் சம்பளத்துக்குச் சற்றுமேல் மிச்சம். தமிழ்நாடு 2020இல் 58ஐ 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்திவிட்டது. தேர்வுக்குப் படித்துக் காத்திருக்கும் இளைஞர்களின் வயிற்றில் அடித்துத்தான் இனி உயர்த்த முடியும் என்பதால் இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

ஸ்வீடன் வேறு வழி கண்டது. அங்கே ஓய்வு பெறும் ஆண்டில், அந்த வயதினரின் எதிர்பார்க்கும் ஆயுளால் சேர்ந்த தொகையை வகுத்தே ஓய்வூதியம் தீர்மானிக்கப்படுகிறது. சொத்தைவிடக் கடமை கூடினால் உயர்வு தானாகக் குறையும். 2008 நெருக்கடிக்குப் பின் 2010இல் அது உண்மையிலேயே குறைந்தது. இங்கே கொரோனா காலத்தில் 18 மாத அகவிலைப்படி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். எந்த நிலையில் எவ்வளவு குறையும் என்று முன்பே எழுதிவைத்த விதி அதைவிட நேர்மையானது. குறைந்த ஓய்வூதியம் பெறுவோருக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும்.

எங்கள் தேர்வு

உறுதியளிப்பு, அதற்கு ஈடாகச் சேர்த்துவைத்த நிதி: இந்த இரண்டும் சேர்ந்த திட்டமே வேண்டும். பழைய திட்டத்தில் இரண்டாவது இல்லை, சி.பி.எஸ்.இலும் என்.பி.எஸ்.இலும் முதலாவது இல்லை. டாப்ஸ் இரண்டுக்கும் இடம் தருகிறது; அதைச் சட்டமாக்கும்போது சேர்க்க வேண்டியவை உண்டு.

அரசின் பங்கை ரூபாயில் சொல்லாமல் சம்பளச் சதவீதமாகச் சட்டத்தில் எழுத வேண்டும். தமிழ்நாட்டின் சேரும் வயதைப் பார்த்தால் மொத்த விகிதம் 29க்குக் கீழே போக வழியில்லை. சரியான எண்ணை ஆயுள் காப்பீட்டுக் கணிதர் சொல்லட்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த மதிப்பீடு நடந்து, அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். நிதி அரசின் பொதுக் கணக்குக்கு வெளியே தனி அறக்கட்டளையாக இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் அது அரசு தனக்கே எழுதிக்கொண்ட கடன் பத்திரம். அறங்காவலர்களில் ஊழியர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஊதியக் குழு ஓய்வூதியத்தையும் உயர்த்தினால், அந்த அரசாணையிலேயே அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். விடுபட்ட வரவுகளைப் புதிய திட்டத்துக்கு மாற்றும் முன்பே தீர்க்க வேண்டும்.

இந்த விகிதங்களில் கறாராக இருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே கருவூலத்திலிருந்துதான் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை போகிறது. அதில் 60 முதல் 79 வயது வரையானவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007 முதல் அது மாறவில்லை. சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களின் சிறப்பு ஓய்வூதியம் 2025இல் 2,000 ரூபாயாகத்தான் இருந்தது. வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்து மூத்தவர்களுக்குச் சங்கமும் இல்லை, ஊதியக் குழுவும் இல்லை. அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்காத அரசு, 2040இல் நெருக்கடி வரும்போது முதலில் உயர்த்தாமல் விடப்போவது இந்த 1,200 ரூபாயைத்தான்.